சமையல் மேடைக்கு மேலே அலமாரி அடி விளக்கு: அளவெடுப்பதிலிருந்து பொருத்துவது வரை

சமையல் மேடைமுன் நின்று காய் நறுக்கும்போது கூரை விளக்கு நம் முதுகுக்குப் பின்னால் எரிகிறது. அதனால் நம் தலையும் தோளும் நறுக்கும் பலகையின் மேலேயே நிழலாக விழுகின்றன. வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில், மேடைக்கு மேலே அலமாரி வைத்த பிறகு அந்த நிழல் இரட்டிப்பானது. "ஏம்மா, கத்தி எங்கே இருக்குது, விரல் எங்கே இருக்குதுன்னே தெரியலை" என்று என் மாமியார் சொன்ன நாளில் தொடங்கிய வேலை, மூன்று முறை பொருள் வாங்கி, இரண்டு முறை பிரித்துப் போட்டு, நான்கு மாதம் கழித்துத்தான் முடிந்தது. உண்மையில் இது அரை நாள் வேலை. விளக்கை முதலிலும் அளவைக் கடைசியிலும் எடுத்ததால்தான் எனக்கு அவ்வளவு காலம் ஆனது. கீழே உள்ள படிகள், நான் செய்த வரிசையில் அல்ல, செய்திருக்க வேண்டிய வரிசையில் உள்ளன.

1. கடைக்குப் போகும் முன் வீட்டில் அளவு எடுங்கள்

இரவில், கூரை விளக்கைப் போட்டுவிட்டு, மேடைமுன் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். எந்த இடத்தில் நறுக்குகிறீர்கள், எங்கே மாவு பிசைகிறீர்கள், நிழல் எங்கே விழுகிறது என்பதை ஒரு தாளில் படமாக வரையுங்கள். அலமாரி இருக்கும் இடமெல்லாம் விளக்கு வேண்டியதில்லை. வேலை நடக்கும் இடத்துக்கு மேலே இருந்தால் போதும்.

பிறகு அதே தாளில் இவற்றைக் குறியுங்கள்: அடுப்புக்கு இடப்புறமும் வலப்புறமும் அலமாரியின் நீளம் தனித்தனியாக, அலமாரியின் அடிப்பலகை எத்தனை மில்லிமீட்டர் தடிமன், முன்பக்கத்தில் கதவோ பட்டியோ அடிப்பலகையைவிடக் கீழே இறங்கி நிற்கிறதா, நின்றால் எவ்வளவு, மிக அருகில் உள்ள பிளக் பாயின்ட் எது, அது இன்வெர்ட்டர் லைனில் உள்ளதா. எங்கள் வீட்டில் இடப்புறம் 1.5 மீட்டர், வலப்புறம் 1.2 மீட்டர், ஆக மொத்தம் 2.7 மீட்டர். கடையில் அடிக்கணக்கில் பேசுவார்கள், பெட்டியில் மீட்டர் கணக்கு அச்சாகியிருக்கும். இரண்டையும் எழுதிக்கொண்டால் குழப்பம் வராது.

பலகையின் தடிமன் எதற்கு என்று தோன்றலாம். 18 மில்லிமீட்டர் பலகையில் 25 மில்லிமீட்டர் திருகைப் போட்டால் அதன் முனை மேலே உள்ள தட்டில் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். சர்க்கரை டப்பாவை எடுக்கப் போன கை அதைக் கண்டுபிடிக்கும். 12 மில்லிமீட்டர் திருகு போதும். அலமாரி அலுமினியத்திலோ பி.வி.சி. பலகையிலோ செய்யப்பட்டிருந்தால் உள்ளே கூடு இருக்கும், சாதாரண மரத்திருகு பிடிக்காது. அதைச் செய்து கொடுத்தவரிடம் எந்த இடத்தில் திருகு போடலாம் என்று கேட்டுவிடுங்கள்.

2. வகையைத் தீர்மானியுங்கள்

வாடகை வீடு என்றால் யோசனையே வேண்டாம். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், செல்போன் சார்ஜரில் சார்ஜ் ஆகும் நீள விளக்கு இரண்டு வாங்கினால் துளையும் இல்லை, வயரும் இல்லை. அடிக்கடி கழற்றிச் சார்ஜ் போட வேண்டும் என்பதுதான் தொல்லை. துளையிட்டு நிலையாகப் பொருத்த விரும்பினால் வீட்டு உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் ஒப்புதல் வாங்கி வையுங்கள். முன்பணத்தில் கழிக்கும் பேச்சு வரும்போது அது உதவும்.

சொந்த வீட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 230 வோல்ட்டில் நேரடியாக எரியும் ஒல்லியான எல்.இ.டி. டியூப், அதாவது கடைக்காரர்கள் டி5 என்று சொல்வது. 1 அடி, 2 அடி, 4 அடி நீளங்களில் கிடைக்கும். வீட்டு மின்சாரத்தைக் குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் டிரைவர் என்ற பெட்டி தனியாக வேண்டாம், எலக்ட்ரீசியன் ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடுவார். உங்கள் அலமாரியின் நீளம் இந்த அளவுகளில் ஒன்றோடு ஏறத்தாழப் பொருந்தி, முன்பட்டி டியூப்பை மறைக்கும் அளவுக்கு இறங்கியும் இருந்தால், இதையே வாங்குங்கள். இதற்கு மேல் படிக்கவே தேவையில்லை. மற்றது, 12 அல்லது 24 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப், அதாவது சிறு எல்.இ.டி. புள்ளிகள் வரிசையாகப் பதித்த நாடா. விரும்பிய நீளத்துக்கு வெட்டலாம், வெளிச்சம் சீராகப் பரவும், ஆனால் டிரைவர், அலுமினியச் சட்டம், வயரைப் பற்றவைப்பது (சால்டரிங்) என்று வேலை கூடும். எங்கள் அலமாரியில் முன்பட்டியே இல்லாததால் ஸ்ட்ரிப்புக்குத்தான் போக வேண்டியிருந்தது.

வட்ட வட்டமான சிறு விளக்குகளையும் காட்டுவார்கள். அவை கண்ணாடி அலமாரிக்கு அழகு. நறுக்கும் மேடையில் ஓரிடம் பளிச்சென்றும் அடுத்த இடம் இருட்டாகவும் தெரியும்.

3. ஸ்ட்ரிப் வாங்கும்போது நான்கு விவரங்களைக் கேளுங்கள்

முதலாவது ஒளியின் நிறம். 3000 கெல்வின் மஞ்சள் சாயல், 4000 கெல்வின் நடுத்தர வெள்ளை, 6500 கெல்வின் நீலச்சாயலான வெள்ளை. கேட்காமல் வாங்கினால் பெரும்பாலும் 6500தான் கையில் வரும்; எனக்கும் அதுதான் வந்தது. அந்த வெளிச்சத்தில் எங்கள் சமையலறை மருந்தகம் போல இருந்தது. சமையல் மேடைக்கு 4000 என்பது என் முடிவு.

இரண்டாவது, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண். 100 என்பது உச்சம். 80 என்பது சாதாரணம், 90க்கு மேல் என்றால் நல்லது. இது வெறும் எண் இல்லை என்பதற்குச் சமையலறையிலேயே சான்று உண்டு. தாளிக்கும்போது வெங்காயம் பொன்னிறத்தில் இருக்கிறதா கருகத் தொடங்கிவிட்டதா என்பதும், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் பூச்சி துளைத்த இடம் எது என்பதும் மட்டமான வெளிச்சத்தில் தெரியாது. கடைக்குப் போகும்போது பையில் ஒரு கத்தரிக்காயும் ஒரு தக்காளியும் கொஞ்சம் கொத்தமல்லித் தழையும் எடுத்துப் போய், எரியும் ஸ்ட்ரிப்புக்குக் கீழே வைத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்றாவது, மீட்டருக்கு எத்தனை வாட். மேடை வேலைக்கு மீட்டருக்கு 10 வாட் அளவில் இருந்தால் போதுமானது. ஸ்ட்ரிப்பை வைக்கும் சட்டத்தின் மேல் போடும் பால் நிற மூடி கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கிவிடும் என்பதால் 5 வாட் ஸ்ட்ரிப் போதாது. நான்காவது, மீட்டருக்கு எத்தனை எல்.இ.டி. புள்ளிகள். 60 புள்ளி உள்ளதைவிட 120 புள்ளி உள்ளதை எடுங்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் மேடை கறுப்பு கிரானைட். பளபளப்பான அந்தக் கல், கண்ணாடி போல மேலே உள்ள ஒவ்வொரு புள்ளியையும் திருப்பிக் காட்டும். புள்ளிகள் நெருக்கமாக இருந்து, மேலே பால் நிற மூடியும் போட்டால்தான் கோடாகத் தெரியும்.

12 வோல்ட்டா 24 வோல்ட்டா? ஒரே தொடராக 5 மீட்டருக்கு மேல் ஓடினால் 12 வோல்ட் ஸ்ட்ரிப்பின் கடைசிப் பகுதி மங்கும், 24 வோல்ட் அவ்வளவாக மங்காது. சாதாரண வீட்டு அளவுக்கு 12 போதும், கடைகளில் எளிதாகவும் கிடைக்கும். ஆனால் ஸ்ட்ரிப்பும் டிரைவரும் ஒரே வோல்ட்டாக இருக்க வேண்டும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 24 வோல்ட் டிரைவரில் கொடுத்தால் சற்று நேரத்திலேயே கருகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சுருளாக இருக்கும்போதே எரியவிட்டுக் காட்டுவார்கள். கடையில் சில விநாடிகள் பரவாயில்லை. வீட்டில் சோதிக்கும்போது சுருளைத் தரையில் முழுவதும் விரித்துவிட்டு எரியவிடுங்கள். சுருளுக்குள் வெப்பம் தங்கி ஸ்ட்ரிப் கெட்டுப்போகும்.

4. டிரைவரில் பணத்தைக் குறைக்காதீர்கள்

நான் அதிகம் இழந்தது இங்கேதான். முதலில் டிரைவராக வாங்கிய 2 ஆம்பியர் அடாப்டர் இரண்டாவது வாரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடையைக் கிளப்பியது. இரண்டாவது முறை, விவரம் தெரியாத ஒரு கடையில், கூரைப் பேனல் விளக்குக்கான டிரைவரை "எல்.இ.டி. டிரைவர்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று கொடுத்தார்கள். எல்லாம் ஒன்றல்ல. பேனல் விளக்கின் டிரைவர் மின்னோட்டத்தை நிலையாக வைப்பது. ஸ்ட்ரிப்புக்கு வோல்டேஜை நிலையாக வைக்கும், அதாவது கான்ஸ்டன்ட் வோல்டேஜ் டிரைவர் வேண்டும். அதன் மேல் "12 வோல்ட் டி.சி." என்று ஒரே எண் அச்சாகியிருக்கும். "24 முதல் 42 வோல்ட்" என்பது போல ஒரு வரம்பு போட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கு எளிது. நீளத்தை மீட்டருக்கான வாட்டால் பெருக்கி, அதற்கு மேல் கால் பங்கு சேருங்கள். எங்கள் வீட்டில் 2.7 மீட்டரை 10ஆல் பெருக்க 27 வாட். கால் பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 34. 12 வோல்ட் 3 ஆம்பியர் டிரைவர் 36 வாட் தரும், ஆகவே அது பொருந்தியது. நான் முதலில் வாங்கிய 2 ஆம்பியர் 24 வாட்டைத்தான் தரும், கருகியதில் வியப்பில்லை.

டிரைவரின் மேல் பி.ஐ.எஸ். (இந்திய தர நிர்ணய அமைவனம்) குறியும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால், அது எந்த உற்பத்தியாளருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்று காட்டும். கடையில் நின்றுகொண்டே பார்த்துவிடலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. துளைத்துளையான தகரக் கூட்டில் வரும், எஸ்.எம்.பி.எஸ். என்று கடையில் சொல்லும் டிரைவர் மலிவுதான், ஆனால் அதன் 230 வோல்ட் முனைகள் திறந்தே இருக்கும். கரப்பான் பூச்சியும் பல்லியும் நடமாடும் சமையலறைக்கு முழுவதும் மூடிய டிரைவரே சரி.

5. அலுமினியச் சட்டம் இல்லாமல் ஒட்டாதீர்கள்

ஸ்ட்ரிப்பின் முதுகில் பசை இருக்கிறது, பலகையில் நேராக ஒட்டிவிடலாம் என்பார்கள். வேலூரின் கத்திரி வெயிலும், தாளிப்பின் எண்ணெய்ப் புகையும், குக்கரின் ஆவியும் சேர்ந்தால் எந்தப் பசையும் நிற்காது. நான் மார்ச்சில் ஒட்டியது ஏப்ரலில் தொங்கத் தொடங்கி, ஒரு மதிய வேளையில் சாம்பார் சட்டிக்குள் முனையை நனைத்தது. அலுமினியச் சட்டம் திருகில் நிற்கும், ஸ்ட்ரிப்பின் வெப்பத்தை வாங்கி வெளியே விடும், அதன் மூடி எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்கும்.

கடைகளில் இதை புரொஃபைல் என்று கேளுங்கள். மின்பொருள் கடையில் இல்லையென்றால், மாடுலர் கிச்சன் சாமான்கள் விற்கும் பிளைவுட், ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வேலூர்க்காரர்கள் இங்கே லாங்கு பஜார், காட்பாடிப் பக்கத்துக் கடைகளில் தேடிவிட்டு, பிறகு மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போவது பற்றி யோசிக்கலாம். நான் அவசரப்பட்டுச் சென்னையில் 3 மீட்டர் சட்டத்தை முழு நீளமாக வாங்கி ரயிலில் கொண்டுவந்தேன். காட்பாடிச் சந்திப்பில் படியேறி இறங்குவதற்குள் எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று எண்ணவில்லை. கடையிலேயே உங்கள் அளவுக்கு அறுத்து வாங்குங்கள். மூடி, முனை அடைப்பான், மாட்டும் கிளிப் மூன்றும் சேர்ந்துதான் விலையா என்று கேளுங்கள். கோணமாக மாட்டும் முக்கோணச் சட்டமும் உண்டு. முன்பட்டி இல்லாத அலமாரிக்கு அதுதான் ஏற்றது. வெளிச்சம் சுவர்ப்பக்கமாகச் சாய்ந்து விழும், கண்ணில் அடிக்காது.

6. செலவும் வாங்கி வைக்க வேண்டிய தாள்களும்

எனக்கு இறுதியில் ஆன செலவு: 5 மீட்டர் ஸ்ட்ரிப் சுருள் 1,150 ரூபாய், சட்டமும் மூடியும் 720, டிரைவர் 650, வயர் 180, சுவிட்ச் 90, திருகு முதலிய சில்லறைச் சாமான்கள் 60, எலக்ட்ரீசியன் கூலி 800. மொத்தம் 3,650 ரூபாய். இது நான் கொடுத்தது. உங்கள் ஊரில், உங்கள் அளவுக்கு மாறும். முதல் இரண்டு முறை வீணாக்கிய 1,100 ரூபாயை இதில் சேர்க்கவில்லை.

விலை சொல்லும்போது 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேளுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருவதாகச் சொல்லும் கடையில், உத்தரவாதமும் அந்தக் குறைப்போடு போய்விடும். பில்லில் "எல்.இ.டி. லைட் 1" என்று மொட்டையாக எழுதவிடாமல், ஸ்ட்ரிப்பின் வாட், வோல்ட், டிரைவரின் மாடல் எண் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். ஸ்ட்ரிப்புக்கும் டிரைவருக்கும் உத்தரவாதக் காலம் பெரும்பாலும் வெவ்வேறாக இருக்கும். இரண்டையும் தேதியோடு எழுதி வாங்குங்கள். வெட்டிய ஸ்ட்ரிப்பைத் திருப்பி எடுக்க மாட்டார்கள், ஆகவே வெட்டும் முன்பே முழுச் சுருளையும் எரியவிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 27 வாட்டை நாளுக்கு 5 மணி நேரம் எரித்தால், டிரைவர் தின்பதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 10 யூனிட்டைத் தாண்டாது.

7. எப்போது செய்வது, யாரை அழைப்பது

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் சுவரில் பைப் பதிக்கும்போதே, டைல்ஸ் ஒட்டும் முன், அலமாரியின் மேல்மட்டத்துக்கு வரும் உயரத்தில் ஒரு பாயின்ட்டும், மேடைப் பக்கம் அதற்கான சுவிட்சும் விட்டுவையுங்கள். இந்த ஒன்றைச் செய்தால் பிறகு வரும் தலைவலியில் பாதி இல்லை. ஏற்கெனவே குடியிருப்பவர்கள், சமையல் முடிந்த முற்பகலில் தொடங்கினால் இரவுச் சமையலுக்குள் முடித்துவிடலாம். பொங்கலுக்கு முந்திய வாரங்களில் எலக்ட்ரீசியன் கிடைப்பது அரிது.

12 வோல்ட் பக்கத்தை நீங்களே செய்யலாம். 230 வோல்ட் பக்கத்தைக் கம்பியாள் தகுதிச் சான்று பெற்ற எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். அவர் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்த சுவிட்ச் பாக்ஸில் நியூட்ரல் இருக்கிறதா?" நியூட்ரல் என்பது மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர். பழைய வீடுகளில் சுவிட்ச் மட்டும் உள்ள பெட்டிக்கு அது வந்திருக்காது, பிளக் பாயின்ட் உள்ள பெட்டியில் இருக்கும். இதை முன்னதாகப் பார்க்காமல் கூலி பேசினால், சுவரை வெட்டும் கூலி பிறகு தனியாக ஏறும். இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். மின்வெட்டு நேரத்தில் இந்த ஒரு விளக்கிலேயே சமையலை முடித்துவிடலாம், அது பழைய மின்விசிறி இழுப்பதில் பாதியைக்கூட இழுக்காது.

கையை அசைத்தால் எரியும் சென்சார் சுவிட்ச் வேண்டுமா என்று கேட்பார்கள். கரண்டியை ஓங்கும்போதெல்லாம் அணைந்து எரிந்த அதை நான் ஒரு வாரத்தில் கழற்றிவிட்டேன். சாதாரண சுவிட்சுக்கு ஈடில்லை.

8. பொருத்தும் வரிசை

அந்த லைனின் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். டிரைவரை அலமாரியின் மேலேயோ பரணிலோ காற்றுப்படும் இடத்தில் திருகுங்கள். அடுப்புக்கு நேர் மேலேயும் சிங்குக்குக் கீழேயும் கூடாது. மூடிய டப்பாவுக்குள் வைப்பதும் கூடாது.

சட்டம் அலமாரியின் முன்விளிம்புக்கு அருகில் வர வேண்டும். சுவரோரமாக மாட்டினால் டைல்ஸ் ஜொலிக்கும், நறுக்கும் இடம் மங்கலாகவே இருக்கும். புகைபோக்கிக்குக் கீழே எதுவும் வேண்டாம், அடுப்பின் பக்கவாட்டில் ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். நிலையாகத் திருகும் முன், செல்லோடேப்பால் தற்காலிகமாக ஒட்டி எரியவிட்டு, நின்றும் பாருங்கள், பக்கத்து அறையில் உட்கார்ந்தும் பாருங்கள். நிற்கும்போது தெரியாத கண்கூச்சம் உட்கார்ந்தால் தெரியும்.

ஸ்ட்ரிப்பில் கத்தரிக்கோல் குறி அச்சாகியிருக்கும் செம்புப் பட்டையின் நடுவில் மட்டுமே வெட்டலாம். 120 புள்ளி உள்ள 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் இது 2.5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வரும். வயரை இணைக்கக் கிளிப் கனெக்டர் விற்கிறார்கள்; சமையலறை வெப்பத்தில் அது தளர்ந்து கண்சிமிட்டும், பற்றவைப்பதே நிலைக்கும். சால்டரிங் கோலை ஓரிடத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது. பதறாமல் மாற்றிக் கொடுங்கள். அடுப்புக்கு இருபுறமும் உள்ள துண்டுகளுக்கு டிரைவரிலிருந்து தனித்தனி வயராக இழுங்கள். ஒன்றின் முனையிலிருந்து அடுத்ததற்குத் தொடுத்தால் இரண்டாவது சற்று மங்கலாக எரியக்கூடும். புகைபோக்கியைத் தாண்டும் வயர் அலமாரிக்கு மேலே போகட்டும்.

ஒட்டும் முன், மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் சட்டத்தின் உட்புறத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். மூடியைப் போட்டபின் இரண்டு மணி நேரம் எரியவிட்டு டிரைவரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் அணைத்துவிட்டுக் கணக்கை மறுபடி போடுங்கள்.

9. முடிந்த பிறகு

வயர் போகும் வழியைச் செல்போனில் படம் எடுத்து, பில்லோடும் உத்தரவாத அட்டையோடும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்துவிட்டு, சோப்பு நீரில் பிழிந்த துணியால் மூடியைத் துடைத்தால் வெளிச்சம் குறையாது. கேஸ் வாடை வந்தால் மற்ற சுவிட்சுகளைப் போலவே இதையும் தொடக் கூடாது என்று வீட்டில் உள்ள எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

சுருளில் மீதமிருக்கும் ஸ்ட்ரிப்பைப் பூஜை அலமாரிக்குப் போடலாம் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். எங்களுக்கு மீந்தது 2.3 மீட்டர், அதாவது 23 வாட். ஏற்கெனவே ஓடும் 27 வாட்டோடு சேர்த்தால் 50 ஆகிவிடும். 36 வாட் டிரைவர் அதைத் தாங்காது, அதற்குத் தனி டிரைவர் வாங்க வேண்டும்.